பில்டு முடியும் வரை

என் மேசையில் ஒரு விசிறி இருக்கிறது. பச்சை வண்ணம் உரிந்துபோன பழைய மேசை விசிறி. முகத்திலுள்ள கம்பி வலை ஓரிடத்தில் உள்வாங்கி வளைந்திருப்பதால், சுற்றும்போது இறக்கை அதில் உரசிக் கடகடவென்று சத்தம் வரும். அதற்குக் கழுத்து திரும்பாது. எந்தத் திசையைப் பார்த்து வைக்கிறோமோ அந்தத் திசைக்கு மட்டும்தான் காற்று. இது பழுது அல்ல, ஏற்பாடு. இந்த விசிறி மனிதர்களுக்காக வாங்கப்படவில்லை; ஒரு கணினிக்காக வாங்கப்பட்டது. அறைக்குள் வருகிற யாரும் வியர்வை தாங்காமல் அதைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளக் கூடாது என்று, கழுத்துத் திருகாணியை முடிந்த மட்டும் இறுக்கி, அதன்மேல் பசையையும் ஊற்றிவிட்டவர் என் தங்கையின் கணவர். திருக்கோகர்ணத்துச் சித்திரை வெயிலை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு கொடுமையான காரியம் என்று புரியும். பக்கவாட்டுத் தகடு கழற்றப்பட்ட கணினி, குடலைக் காட்டிக்கொண்டு குளுகுளுவென்று உட்கார்ந்திருக்கும். நாங்கள் துண்டால் விசிறிக்கொண்டிருப்போம்.

அவரை நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். அவர் என்னை மச்சான் என்பார். நான் திருச்சியில் ஒரு பெரிய தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். நிரல் எழுதியவர்கள் மற்றவர்கள். அவர்கள் எழுதியதைச் சோதித்து, எண் கொடுத்து, கையெழுத்து வாங்கி, வெளியே அனுப்புவது என் வேலை. எந்தத் தாளுக்கு முன்னால் எந்தத் தாள் போக வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். என் காலத்தில் ஒரு நிரல் வாசலைத் தாண்டப் பட்ட பாடு, ஒரு பெண் புகுந்த வீட்டுக்குப் போகப் பட்ட பாட்டைவிட அதிகம். ஓய்வு பெற்ற பிறகு நடைமுறைகள் எல்லாம் என்னிடமே இருந்தன. அவற்றைப் பிரயோகிக்கத்தான் ஆள் இல்லை. வீட்டில் பால்காரரிடம் முயன்று பார்த்தேன். அவர் மறுநாளிலிருந்து வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தார். அப்படி இருக்கும்போதுதான் மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து, எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில், தன் வீட்டு மாடியறையில் கடை விரித்தார்.

அவர் செய்யக் கிளம்பியது முந்திரிப் பருப்பைத் தரம் பிரிக்கும் இயந்திரம். கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரி ஆலைகளில் இந்த வேலையைப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கண்ணாலும் கையாலும் செய்வார்கள். முழுப் பருப்பு ஒரு பக்கம், உடைந்தது ஒரு பக்கம், கருகல் ஒரு பக்கம். தொலிப்பதற்கே ஆள் போதாத ஆலைகள், பிரிப்பதற்காவது ஒரு மிசின் கிடைக்காதா என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம். மாப்பிள்ளையின் மிசினில் பருப்பு பெல்ட்டில் வரும், கேமராக்கள் பார்க்கும், ஒரு பீச்சு காற்று அதை உரிய கூடைக்குத் தள்ளும். பட்டறை வேலையையெல்லாம் சிவகாசியில் முடித்துக்கொண்டு வந்தார். மிசினின் மூளையை மட்டும் அவரே எழுதினார். கந்தர்வக்கோட்டையில் ஒரு ஆலைக்கார அம்மா, கோடை மகசூல் வரும்போது ஒருநாள் வைத்து ஓட்டிப் பார்க்கிறேன், சரியாக இருந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

அந்த ஒருநாளைப் பொறுத்துத்தான் எங்கள் வீட்டில் எல்லாமே இருந்தது. சிங்கப்பூர் கம்பெனி அவருடைய இடத்தை மகசூல் முடியும் வரை காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தது. மிசின் ஆலையில் நிலைத்தால் மாப்பிள்ளை ஊரில் இருப்பார். மிசின் திரும்பினால் அவர் திரும்பிப் போவார். கல்யாணமான காலத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு மாதம் மட்டும் கணவனோடு குடும்பம் நடத்திய என் தங்கை இதைப் பற்றி வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு காரியம் செய்தாள். ரேஷன் அட்டையில் அவர் பெயரைத் திரும்பச் சேர்க்க என்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். நான் விரிவாகச் சொன்னேன்; யாராவது ஒருவர் என்னிடம் ஒரு நடைமுறையைக் கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது. மனுவை எழுதி, இணைப்புகளைச் சேர்த்துக் கொடுத்தபோது அவள் வாங்கிக்கொள்ளவில்லை. “கந்தர்வக்கோட்டை முடியட்டும்ண்ணே. அதுவரைக்கும் ஒங்ககிட்டயே இருக்கட்டும்” என்றாள்.

மாப்பிள்ளைக்கு ஒரு கொள்கை இருந்தது. “ஓடும்போது யோசிக்கக் கூடாது மச்சான். பருப்பு பெல்ட்டுல வந்துக்கிட்டிருக்கு, நம்ம நின்னு யோசிச்சா அது கீழ விழுந்துரும். யோசிக்கிறத எல்லாம் முன்னாலயே யோசிச்சு முடிச்சிரணும்.” வாழ்க்கையிலும் அவர் அப்படித்தான். மதுரைக்கு ஒருநாள் போய்வருவதற்குக் குடை, கம்பளி, வயிற்றுவலி மாத்திரை மூன்றும் எடுத்துப்போவார். சி பிளஸ் பிளஸ் என்கிற நிரல்மொழி இப்படிப்பட்டவர்களுக்கு என்றே ஒரு வசதி வைத்திருக்கிறது: டெம்ப்ளேட். அதை அச்சு என்று சொல்லலாம். ஒரே ஓர் அச்சை எழுதி வைத்துவிட்டால், இன்ன வகைப் பருப்புக்கு, இன்ன கேமராவுக்கு, இன்ன வெளிச்சத்துக்கு என்று நாம் கேட்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதியைக் கம்பைலர் தானே வார்த்துக் கொடுக்கும். கம்பைலர் என்பது நாம் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரிகிற பாஷையில் மாற்றித் தருவது; அந்த மாற்று வேலை முழுவதற்கும் பில்டு என்று பேர். பிரதிகள் எல்லாம் முன்கூட்டியே தயாராகிவிடுவதால் ஓடும்போது மிசின் மின்னல் மாதிரி ஓடும். யோசிக்கிற பாரம் முழுவதும் பில்டின் தலையில்.

அதோடு நின்றிருந்தால் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை ஊர் ஊராகப் போய் மிசினைப் பற்றிச் சொன்னார். போன இடத்தில் எல்லாம் மோர் கொடுத்தார்கள், ஒரு கைப்பிடி பருப்பும் கொடுத்தார்கள். நம்ம பருப்பு ஒரு தினுசு, கொஞ்சம் வளைஞ்சு இருக்கும், மிசினுக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். மோர் குடித்த வாயால் தெரியாது என்று சொல்ல அவருக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர்கள் பெயரிலேயே ஒரு வகையை நிரலில் சேர்த்தார். மிசினின் தொடுதிரையில் அந்தப் பெயர்கள் வரிசையாக வரும். அதைப் படம் பிடித்து அவர்களுக்கு அனுப்புவார். எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மாமன், மச்சான், பங்காளி, சகலை என்று யார் பெயரும் விட்டுப்போகக் கூடாது. விட்டுப்போனால் அடுத்த தலைமுறை வரை பேச்சுவார்த்தை இருக்காது. பத்திரிகையில் ஒரு பெயர் சேர்ந்தால் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். டெம்ப்ளேட்டில் அப்படி இல்லை. வியாபாரிகள் இரண்டு தோப்புப் பருப்பைக் கலந்து மூட்டை கட்டுவார்களே என்று, எந்த இரண்டு பேருடைய சரக்கும் கலந்து வரலாம் என்பதையும் மாப்பிள்ளை முன்னாலேயே யோசித்து வைத்திருந்தார். ஆகவே ஒரு பெயர் புதிதாக வந்தால் அது ஏற்கெனவே இருக்கிற ஒவ்வொரு பெயரோடும் ஜோடி சேரும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு கேமரா, ஒவ்வொரு வெளிச்சம், ஒவ்வொரு தரம். இலுப்பூர்க்காரருக்கும் ஆலங்குடிக்காரருக்கும் ஜென்மத்தில் வியாபாரம் கிடையாது. நிரலுக்குள் இருவரும் சகல விதமான வெளிச்சத்திலும் கலந்து நின்றார்கள்.

முதலில் பில்டு என்றால் டீ குடித்துவிட்டு வருவது. பிறகு டீ குடித்து, கோயிலைச் சுற்றிவிட்டு வருவது. அப்புறம் சாப்பிட்டுத் தூங்கி எழுவது. கடைசியில் காலையில் போட்டால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் முடியும் என்றாயிற்று. நினைவகம் நிரம்பி வழிந்து, கணினி வட்டில் எழுதி எழுதி எடுக்கும்; வட்டு ஓடுவதைக் காட்டுகிற சிவப்பு விளக்கு அணையாமல் எரியும். நான் மாடியறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருப்பேன். காத்திருப்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் எதற்காக இவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்று தெரியாமல் காத்திருப்பது உட்கார விடாது. நடுவில் ஒரு சின்னப் பிழை வந்துவிட்டால் இன்னும் மோசம். அரைப்புள்ளி ஒன்று விட்டுப்போயிருக்கும், அதைச் சொல்லக் கம்பைலர் பக்கம் பக்கமாகப் புலம்பும். இன்னாருடைய அச்சில் வார்த்த இன்னாருக்குள்ளே உண்டான இன்னாருடைய வகையிலே என்று, பழைய சொத்துப் பத்திரம் மாதிரி பாட்டன் காலத்திலிருந்து ஆரம்பித்து, கடைசி வரியில்தான் விஷயத்துக்கு வரும். தங்கை இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவாள். மூன்றாவது தடவை படியில் நின்றபடியே, “நான் ஆக்கி எறக்கி ஆறியும் போச்சு. அது இன்னும் வேகுதா?” என்பாள்.

மாப்பிள்ளை அதை வெப்பம் என்றே முடிவுகட்டியிருந்தார். கம்ப்யூட்டர் சூடாகிறது, அதனால் மெதுவாகிறது. அதற்குத்தான் இந்த விசிறி. பில்டு போட்டவுடன் அவர் செய்கிற முதல் காரியம் விசிறியின் பொத்தானை அழுத்துவது; முடிந்தவுடன் செய்கிற முதல் காரியம் நிறுத்துவது. விசிறி போதவில்லை என்று ஜன்னலில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டார். நினைவகத்தைக் கூட்டினார். தங்கை சொன்னதன்பேரில் கணினியை அக்கினி மூலையிலிருந்து வாயு மூலைக்கு மாற்றினார். அதில் பலன் இருப்பதாகவும் ஒரு வாரம் நம்பினார்.

நான் அளந்து பார்க்கலாம் என்றேன். எங்கே எவ்வளவு நேரம் செலவாகிறது என்று கம்பைலரையே கணக்குச் சொல்ல வைக்கும் வழி உண்டு. எல்லாக் கம்பைலருக்கும் உண்டு, யாரும் கேட்பதில்லை. கேட்டோம். படிப்பதற்கு அது எடுத்துக்கொண்டது சொற்பம். சரிபார்ப்பதற்கு எடுத்துக்கொண்டதும் சொற்பம். மீதி முழுவதும் பிரதி வார்ப்பதில் போயிருந்தது. அதிலும் ஒரு கூத்து. பெயர்ப் பட்டியல் ஒரு பொதுக் கோப்பில் இருந்தது, மற்ற கோப்புகள் எல்லாம் அதை உள்ளே அழைத்தன. ஒவ்வொரு கோப்பும் தனக்கென்று மொத்தப் பிரதிகளையும் தனியாக வார்த்துக்கொண்டது. கடைசியில் எல்லாவற்றையும் இணைக்கும்போது, ஒன்றுபோல் இருக்கிற பிரதிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை அப்படியே தூக்கிப் போட்டது. ஒரே விருந்தைத் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் முழுதாகச் சமைத்து, ஒரு வீட்டுச் சமையலை மட்டும் பரிமாறிவிட்டு மற்றதைக் குப்பையில் கொட்டுவது மாதிரி. வார்த்த பிரதிகளில் மிசினுக்கு என்றைக்காவது தேவைப்படக்கூடியது விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் இருந்தது.

மாப்பிள்ளை அந்தக் கணக்கை மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தார். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: கந்தர்வக்கோட்டை அம்மாவின் பெயர் ஒன்று போதும், மீதிப் பெயர்களை எடுத்துவிடுங்கள், மிசின் அங்கே நிலைத்த பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்க வேறு வழி யோசிக்கலாம். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கோபம் இல்லை. நான் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டது போல ஒரு கூச்சம்.

“எலை போட்டாச்சு மச்சான். உக்காந்தவனப் பாத்து எந்திரின்னு சொல்லுவீங்களா நீங்க?”

என்னுடைய எந்த நடைமுறையிலும் இதற்கு வழி இல்லை. பந்தியில் உட்கார்ந்தவனை எழுப்புவது எங்கள் பக்கத்தில் சண்டைக்குக் கூப்பிடுவது. இலையில் உப்பு வைத்த பிறகு எதிரியாக இருந்தாலும் சாப்பிட்டுத்தான் எழ வேண்டும். ரேஷன் அட்டையில் ஒரு பெயரைச் சேர்ப்பது கஷ்டம், நீக்குவது சுலபம். மாப்பிள்ளையின் நிரலில் சேர்ப்பது சுலபம், நீக்குவது முடியாத காரியம். இரண்டுக்கும் நடுவில் என் தங்கை இருந்தாள்.

ஓட்டிப் பார்க்கிற நாளுக்கு முந்தைய நாள் கோடை மழை கொட்டியது. மறுநாள் காலையில் இயந்திரத்தை வல்லத்திராக்கோட்டைக்காரர் தன்னுடைய குட்டி யானை வண்டியில் ஏற்றிவந்தார். அவருக்கு வல்லத்திராக்கோட்டையில் சின்னதாக ஒரு முந்திரித் தோப்பு. திரையில் அவர் பெயரும் இருந்தது; அதற்காகவே வண்டி வாடகை எதுவும் பேசாமல் வந்தார். அங்கே ஏதாவது திருத்த வேண்டியிருக்கலாம் என்று மாப்பிள்ளை பில்டு போடும் கணினியையும் ஏற்றிக்கொண்டார். கணினி வந்ததால் விசிறியும் வந்தது. முன்னிருக்கையில் என் மடியில் விசிறி. வளைவில் ஒரு முறை அது கதவில் இடித்துத்தான் அந்தக் கம்பி உள்ளே வளைந்தது.

ஆலையில் மிசினைத் தூக்கி நிறுத்தி, பருப்பைக் கொட்டி, ஓட விட்டதும், வெள்ளைப் பருப்பு எல்லாம் கருகல் கூடையில் போய் விழுந்தது. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. மழையினால் பருப்பை வெயிலில் காய வைக்கவில்லை, சூட்டு அறையில் போட்டு எடுத்திருந்தார்கள். அதில் ஒரு சாயல் மஞ்சள் ஏறிவிட்டது. மனிதக் கண் அதைக் கண்டுகொள்ளாது. மிசின் கண்டுகொண்டது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி, “எதக் குடுத்தாலும் கருகல்ங்குது. எங்க மாமியாளக் கூட்டியாந்து நிறுத்துனாப்புல இருக்கு” என்றாள். ஆலைக்கார அம்மாகூடச் சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே, ஒரு நம்பர மாத்துனாப் போதும்மா என்றார். உண்மைதான், ஒரே ஓர் எண். எவ்வளவு வெண்மை இருந்தால் வெள்ளை என்று கொள்ளலாம் என்கிற எண். ஆனால் அதையும் அவர் முன்னாலேயே யோசித்து அச்சுக்குள் பதித்து வைத்திருந்தார். எண் மாறினால் அத்தனை பேருடைய பிரதியும் முதலிலிருந்து வார்க்கப்பட வேண்டும். இலுப்பூர்க்காரர், ஆலங்குடிக்காரர், அவர்கள் ஜோடி, எல்லாம்.

எண்ணை மாற்றிவிட்டு, பில்டைப் போட்டு, விசிறியைக் கணினிப் பக்கம் வைத்துப் பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. நான் எழுந்து ஆலைக்குப் பின்னால் முந்திரித் தோப்பு வரை நடந்தேன், திரும்பி வந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிணற்றடி வரை நடந்தேன். திரும்பி வந்தபோது அந்தப் பெண்கள் மிசினுக்காகக் காத்திராமல் வழக்கம்போல் வட்டமாக உட்கார்ந்து கையால் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். அவர்கள் விரல்கள் போகிற வேகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் மறுபடியும் தோப்புக்குப் போனேன். மழைக்கு முன்னோட்டமாக ஒரு காற்று அடித்தது. கரண்ட் போய்விட்டது. கணினி செத்தது. முடிந்திருந்த சின்னக் கோப்புகள் பிழைத்துக்கொண்டன. வெந்துகொண்டிருந்த பெரிய கோப்பு போயிற்று. அதுதான் காலையிலிருந்து வெந்துகொண்டிருந்தது.

கரண்ட் வருவதற்குள் ஆலைக்கார அம்மா எங்களைச் சாப்பிட உட்கார வைத்தார். மிசின் ஓடாவிட்டாலும் சோறு போடாமல் அனுப்புகிற ஊர் இல்லை. தரையில் வரிசையாக இலை. மாப்பிள்ளைக்கு ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் வல்லத்திராக்கோட்டைக்காரர். அவர் காலையிலிருந்து மிசின் பக்கத்தில் நின்று, திரையில் தன் பெயர் வந்ததா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து, குரலைத் தாழ்த்தி மாப்பிள்ளையிடம் சொன்னேன்: இப்போதாவது மற்ற பெயர்களை எடுங்கள், இந்த அம்மா பெயர் ஒன்றை மட்டும் வைத்துப் போட்டால் கை கழுவி வருவதற்குள் முடிந்துவிடும், நாளைக்கே திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை பக்கத்து இலையைப் பார்த்தார். வல்லத்திராக்கோட்டைக்காரர் சாம்பாருக்குப் பாத்தி கட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தலையை நிமிர்த்தி, பரிமாறுகிற பெண்ணிடம், இவருக்குக் கூட்டு வைங்க என்றார். எனக்கு அதுதான் பதில்.

கரண்ட் வந்தது. மறுபடியும் முழுசாகப் போட்டார். வெயில் சாய்கிற நேரத்தில் ஆலைக்கார அம்மா வந்து கணினிக்கு எதிரே நின்றார். அவருக்கு அதில் எதுவும் புரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து எங்களைக் கேட்டுக் கேட்டு, தனக்கு வேண்டியதைப் புரிந்துகொண்டிருக்கிறார்.

“தம்பி, தப்பா நெனைக்காதீக. என் பருப்ப ஒங்க மிசினு பாக்கணும்னா, ஊர்ல உள்ள அத்தன பேரு பருப்பையும் பாத்து முடிச்சுட்டுத்தான் பாக்குமா?”

மாப்பிள்ளை ஆமாம்மா என்றார். வேறு என்ன சொல்ல முடியும். அந்த அம்மா சிவப்பு விளக்கைப் பார்த்தார். பிறகு, எனக்கு மகசூல் நேரம் தம்பி, தோதுப்படாது என்றார். பெண்கள் கை கழுவிக்கொண்டு கிளம்பினார்கள். காலையில் மாமியாரைப் பற்றிச் சொன்னவள் எங்களைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் போனாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மிசினை மறுபடி வண்டியில் ஏற்றினோம். கிளம்பும்போது அந்த அம்மா ஒரு பை நிறையப் பருப்பு கொடுத்தார். கையால் பிரித்தது. எல்லாம் முழுசு, எல்லாம் வெள்ளை.

திரும்பும்போதும் விசிறி என் மடியில் இருந்தது. ஆதனக்கோட்டை தாண்டியதும், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே வல்லத்திராக்கோட்டைக்காரர் பேசினார்.

“எம் பேர எடுத்திருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்குமாம்ல? சாப்பிடும்போது மச்சான் சொன்னது காதுல விழுந்துச்சு.”

மாப்பிள்ளை மடியிலிருந்த பருப்புப் பையின் வாயை இறுக்கிக் கட்டினார்.

“சொல்லியிருக்கலாம்ல. பந்தில எடம் பத்தலன்னா மொதல்ல எந்திரிக்கிறது வீட்டு ஆளுதான. என்னய நீங்க விருந்தாளின்னா நெனச்சீக?”

அவர் கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு நடக்க வேண்டும்போல இருந்தது. வண்டிக்குள் எழுந்து நடக்க முடியாது. அவ்வளவு யோசனைக்காரர் இந்த ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. எழுந்திரு என்று சொல்லப்படுவதை விட, எழுந்திருக்கச் சொல்ல முடியாத அளவுக்குத் தூரத்தில் வைக்கப்பட்டிருக்கிறோம் என்பது ஒரு மனிதனைப் புண்படுத்தலாம் என்பதை. எனக்கும் அது தோன்றியதில்லை. என்னுடைய நடைமுறைகளில் எல்லாரும் விண்ணப்பதாரர்கள்தான். வீட்டு ஆள் என்று ஒரு வகையே கிடையாது.

சிங்கப்பூருக்கு டிக்கெட் எடுத்த பிறகு, கிளம்புவதற்கு முந்தைய அந்தச் சில நாட்களில், மாப்பிள்ளை மாடியறையில் உட்கார்ந்து நிரலைத் திருப்பி எழுதினார். யாரும் கேட்கவில்லை. பெயர்களை எல்லாம் அச்சிலிருந்து வெளியே எடுத்து, மிசின் ஓட ஆரம்பிக்கும்போது ஒரு சாதாரணக் கோப்பிலிருந்து படித்துக்கொள்கிற மாதிரி வைத்தார். வெண்மை எண்ணையும் அதே மாதிரி. யார் பருப்பு வருகிறதோ அவருக்கு அப்போது இலை போட்டால் போதும். ஒரு பெயரையும் நீக்கவில்லை, ஒருவரும் எழ வேண்டியதில்லை. மிசினின் வேகம் குறைந்ததா என்று பார்த்தோம். பருப்பு எதுவும் கீழே விழவில்லை. தங்கை அவருடைய பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பில்டைப் போட்டார். அவள் நாலாவது சட்டையை மடிப்பதற்குள் முடிந்துவிட்டது. அவர் பழக்கதோஷத்தில் விசிறியின் பொத்தானை அப்போதுதான் அழுத்தியிருந்தார். “இம்புட்டுத்தானா?” என்றாள் தங்கை. அவர் அந்தப் பொத்தானில் விரலை வைத்தபடியே சிறிது நேரம் நின்றார். நான் கந்தர்வக்கோட்டைக்குப் போன் செய்தேன். அந்த அம்மா கோயம்புத்தூரிலிருந்து ஒரு மிசின் வரவழைத்துவிட்டிருந்தார். நல்லாத்தான் ஓடுது, ஆனா சத்தம் ஜாஸ்தி என்றார்.

மாப்பிள்ளை போய்விட்டார். ரேஷன் அட்டை மனு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தங்கை அதைக் கேட்பதில்லை. கிழிக்கச் சொல்வதும் இல்லை. வல்லத்திராக்கோட்டைக்காரர் மாதம் ஒரு முறை வந்து, மூடிப் போட்டிருக்கிற மிசினின் தூசியைத் தட்டிவிட்டு, அவள் கையால் காபி குடித்துவிட்டுப் போகிறார். விசிறியை நான் எடுத்துக்கொண்டு வந்தேன்.

சிங்கப்பூரிலும் மாப்பிள்ளைக்கு டெம்ப்ளேட் வேலைதான். அங்கே எழுதியவர்கள் வேறு யாரோ. அங்கேயும் யாருக்கோ யாரையோ எழுப்ப மனம் வரவில்லை போலிருக்கிறது, பில்டு மணிக்கணக்கில் ஓடியது. அது ஓடுகிற நேரத்தில் அவர் எனக்குப் போன் செய்வார். தங்கைக்குத் தினம் சாயங்காலம் தனியாக ஒரு போன் உண்டு, அது குடும்பப் பேச்சு. எனக்கு வருவது பில்டு பேச்சு. “மச்சான், போட்டாச்சு” என்று ஆரம்பிப்பார். அதன் பிறகு எல்லாம் வரும். புதுக்குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்பதிலிருந்து, இன்றைக்குக் கம்பைலர் என்ன புலம்பியது, தங்கை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா, அந்தக் கந்தர்வக்கோட்டை நாளில் தான் அந்த இடத்தில் என்ன செய்திருக்க வேண்டும் என்பது வரை. பின்னணியில் இந்த விசிறியின் சத்தம் கேட்டால், அத இன்னும் தூக்கிப் போடலயா என்பார். பிறகு திடீரென்று, “முடிஞ்சிருச்சு மச்சான். வாரேன்” என்பார். மாடியறையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய காலத்தைவிட அந்தப் போன்களில் நாங்கள் அதிகம் பேசியிருக்கிறோம்.

கொஞ்ச நாளாக அவருடைய கம்பெனியில் ஒரு புது ஏற்பாடு. ஒருவர் ஒரு முறை வார்த்த பிரதியைப் பத்திரமாக எடுத்து வைத்து, மற்றவர்களுக்கும் அதையே கொடுக்கிறார்கள். மாறாத எதையும் திரும்ப வார்ப்பதில்லை. மிகச் சரியான நடைமுறை. என் காலத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் நானே பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டிருப்பேன். இப்போது மாப்பிள்ளை போட்டாச்சு என்கிறார், நான் சாப்பிட்டீங்களா என்கிறேன், அவர் பதில் சொல்வதற்குள் முடிஞ்சிருச்சு என்கிறார். போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாசலுக்கும் மேசைக்குமாக நடக்கிறேன். சொல்ல நினைத்தவை எல்லாம் வாய்க்குள்ளேயே நிற்கின்றன. மருத்துவர் தங்கைக்குப் புதிதாக ஒரு பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார்; அதை எப்படி ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள் அழைப்பு துண்டிக்கப்பட்டுவிடுகிறது.

நேற்று மத்தியானம் போன் வந்தது. புழுக்கம் தாங்காமல் விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வழக்கம் போலப் போட்டாச்சு என்றார், வழக்கம் போல நான் விசாரிக்க ஆரம்பித்தேன், வழக்கம் போல முடிஞ்சிருச்சு என்றார். பில்டில் கைவைக்கிற விஷயத்தில் என் காலத்தில் நான் யாருக்கும் அனுமதிக்காத காரியம் ஒன்று உண்டு. எடுத்து வைத்த எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, காரணம் இல்லாமல் முதலிலிருந்து போடுவது. அதற்கு மூன்று பேர் கையெழுத்து வேண்டும் என்று நானே விதி எழுதியிருக்கிறேன்.

“மாப்பிள, இருங்க, வச்சுறாதீங்க” என்றேன். “எல்லாத்தையும் அழிச்சுட்டு மொதல்லேர்ந்து ஒருக்கா போடுங்க.”

அந்தப் பக்கம் விசைகள் தட்டப்படுகிற சத்தம் கேட்டது.

“போட்டாச்சு மச்சான்” என்றார். “சொல்லுங்க.”

நான் கையை நீட்டி விசிறியை நிறுத்தினேன்.